பார்க்கத் தேவையானவை: பிரவுசர், மொனிட்டர், கம்பளி

போன வாரம் தர்ஷினி போன் எடுத்தாள். பதுளையில் நான் வேலை பார்த்த ஸ்டூடியோவில் இப்போது என் கதிரையில் இருப்பவள் அவள்தான். பழைய படங்களை இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறோமே, அந்தத் தளத்தைப் புதிதாக மாற்றுகிறார்களாம்.

“அக்கா, ‘படங்களைப் பார்க்கத் தேவையானவை’ன்னு ஒரு பக்கம் இருக்கில்ல, அதுல பிரவுசர் புதுசா இருக்கணும், மொனிட்டர் அகலமா இருக்கணும், அதெல்லாம் சரி. கடைசில ‘கம்பளி ஒன்று’ன்னு இருக்கே. டைப் பண்றப்ப பிழையா வந்துருச்சா? எடுத்துரவா?”

“அத எடுத்தா ஒன் காத எடுத்துருவேன்” என்றேன்.

சிரித்தாள். “அப்ப ஏன்னு எழுதிக் குடுங்க. ஒபிஸ்ல எல்லார்கிட்டயும் கேட்டுப் பாத்துட்டேன். மொதலாளி மட்டும் சிரிக்கிறாரு, சொல்ல மாட்டேங்கிறாரு.”

அவர் சொல்ல மாட்டார். போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

என் அப்பாவுக்குப் பதுளைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலை ஃபெக்டரியில் வேலை. என்னை டைப்பிங் படிக்க அனுப்பினார். நான் அதைப் படித்து முடிக்கிற நேரம் ஊரெல்லாம் கொம்பியூட்டர் என்றார்கள். பண்டாரவளைக்குப் போய் அதையும் படித்தேன். ஸ்டூடியோவில் பில் போட ஆள் தேடினார்கள், போய்ச் சேர்ந்தேன். பில் போடப் போனவள் ஸ்கேன் பண்ணி, பிறகு இணையத்தளம் பார்த்து, அந்தக் கடையிலேயே தலை நரைத்துப் போனேன். கல்யாணம், பிள்ளைகள், மூட்டு வலி எல்லாம் இடையில் வந்து சேர்ந்தவை.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய வாப்பா ஆரம்பித்த கடை அது. இவர் ஒரு நாளும் குரலை உயர்த்த மாட்டார். அதுதான் பெரிய தொல்லை. கத்துகிற முதலாளி என்றால் கத்தி முடித்துவிட்டுப் போய்விடுவார். இவர் மெதுவாக ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும் வரை மேசைக்குப் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நானோ முன்கோபக்காரி. எத்தனையோ தடவை மனதுக்குள் வேலையை விட்டிருக்கிறேன்.

அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. காலையில் வந்ததும் மொனிட்டரைத் துடைப்பார். ஜன்னலைச் சாத்துவார். மொனிட்டரைப் போட்டு, அது சூடாகும் வரை ஒரு பிளேன்டீ குடிப்பார். அதற்குப் பிறகுதான் படத்தைத் திறக்க விடுவார். திரையில் ஒரு கீற்று வெயில் விழுந்தாலும் படத்தை மூடிவிடுவார். எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. காரணத்தைப் பிறகு ஒரு நாள் அவராகவே சொன்னார். வாப்பாவின் காலத்தில் தோட்டத்து ஆட்கள் படம் எடுக்க வந்தால் முகத்தை வெள்ளையாக்கித்தான் கொடுப்பார்களாம். வந்தவர்களும் அதைத்தான் கேட்டார்களாம். அந்தப் படங்களில் யாருக்கும் அவரவர் முகம் இல்லை.

“அவங்கட நெறத்த அவங்களுக்குக் குடுக்கணும் தங்கச்சி. வெளிச்சம் பட்டா, ஸ்கிரீன் சரியில்லாட்டி, கறுத்த முகம்தான் மொதல்ல காணாமப் போகும்” என்றார். அன்றிலிருந்து ஜன்னலை நானே சாத்தத் தொடங்கினேன்.

கடையின் மாடியில் தகரப் பெட்டிகளில் பழைய நெகட்டிவ்கள் கிடந்தன. எல்லாம் எடுத்துவிட்டு வாங்க வராதவர்களின் படங்கள். மழையில் பாதை உடைந்திருக்கும், தோட்டம் மாறிப் போயிருப்பார்கள், கப்பல் ஏறி இந்தியாவுக்குப் போயிருப்பார்கள். வாப்பா ஒன்றையும் வீசவில்லை. மகன் அவற்றையெல்லாம் ஸ்கேன் பண்ணி இணையத்தில் போடச் சொன்னார். ‘வாங்க வராத படங்கள்’ என்று பெயர் வைத்தோம். எங்கள் கடையில் நான் செய்த வேலைகளில் நெஞ்சார விரும்பிச் செய்தது அதுதான்.

அந்தத் தளத்துக்குத்தான் ‘தேவையானவை’ பக்கம் எழுதினோம். எழுதினோம் என்றால், அவர் சொல்ல நான் சண்டை பிடித்துக்கொண்டே எழுதினேன். பிரவுசர் புதிதாக இருக்க வேண்டும். மொனிட்டர் அகலமாக, வெளிச்சம் முழுதாக வைத்து, வெயில் படாத இடத்தில் இருக்க வேண்டும். போனில் பார்ப்பதைத் தவிர்க்க வேண்டும்.

“மொதலாளி, லயத்துல யார்கிட்ட மொனிட்டர் இருக்கு? போனே வெடிச்ச கண்ணாடியோடதான் இருக்கு. நம்ம படத்துல இருக்கிறவங்களே நம்ம படத்தப் பாக்க முடியாதா?”

“இருக்கிற எடத்துக்குப் போயி பாக்கட்டும். ஒரு தடவ பாத்தாலும் சரியாப் பாக்கட்டும்.”

கடை அவருடையது. அவர் சொன்னபடியே எழுதினேன், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு.

அவர் பக்கமும் நியாயம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆரம்பத்தில் வெலிமடையில் ஒரு குடும்பம் போனில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, இது செத்துப்போன எங்கள் பெரியப்பா என்று அடித்துச் சொன்னது. பிரின்ட் போட்டுக் கொடுத்தோம். மாலை போட்டு, பொட்டு வைத்து, விளக்கும் ஏற்றிவிட்டார்கள். அடுத்த மாதம் படத்தில் இருந்த ஆள் மொனராகலையிலிருந்து கடைக்கு வந்து நின்றார். உயிரோடுதான். “என் படத்துக்கு மாலை போட்டிருக்கிறதா சொந்தக்காரன் சொல்றான், என்னங்க இது?” என்று கேட்டார். அவருக்குப் பிளேன்டீயும் பணிசும் வாங்கிக் கொடுத்து சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு முதலாளி ஒரு முறை வகுத்தார். யாராவது ஒரு படத்துக்கு உரிமை கேட்டால், இன்னொரு உறவினர் தனியாகப் பார்த்து அடையாளம் சொல்ல வேண்டும். அதுவரை பிரின்ட் கிடையாது, வாட்ஸப்பில் அனுப்புவதும் கிடையாது. பார்க்கிறவருக்கு நாங்கள் படத்தின் எண்ணை மட்டும் சொல்லலாம். யார் கேட்டார், படத்தில் எத்தனை பேர், எதுவும் சொல்லக்கூடாது. பார்க்கும்போது பக்கத்தில் இருந்தால் வாயைத் திறக்கவே கூடாது. அவர் வாயிலிருந்து தானாக வருவதைத்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

இனி அஞ்சலை அக்காவின் கதை.

கோத்தகிரியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். கொஸ்லந்தைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தின் பெயரைச் சொல்லி, அம்மா அங்கே பிறந்தவர் என்றார். அம்மா கல்யாணம் முடித்த கையோடு புருஷன் வீட்டாரோடு கப்பல் ஏறியவர். தாய், தகப்பன், தங்கை அஞ்சலை எல்லாரும் இங்கேயே நின்றுவிட்டார்கள். கொஞ்ச காலம் கடிதம் வந்தது. இவர்கள் அங்கே இடம் மாற, அதுவும் நின்றுபோனது. ‘உங்கள் தளத்தில் உள்ள ஒரு குடும்பப் படம் தன்னுடையதுதான் என்று அம்மா சொல்கிறார். ஆனால் அந்தப் படத்தை அவர் முன்பு பார்த்ததே இல்லையாம். சித்தி உயிரோடு இருந்தால் அவரிடம் காட்ட முடியுமா? படத்தைப் பார்த்ததிலிருந்து அம்மா சப்பாத்து, சப்பாத்து என்று சொல்லிச் சிரிக்கிறார். அது யாருடைய பெயர்?’

அதை வாசித்துவிட்டு நானும் சிரித்தேன். நம் பக்கத்தில் காலில் போடுகிற சப்பாத்தைத் தெரியாத பிள்ளை உண்டா? ஆனால் அம்மா ஏன் சிரித்தார் என்பது எனக்கும் விளங்கவில்லை. படத்தைத் திறந்து பார்த்தேன். கதிரையில் ஒரு பெண், பின்னால் தலைப்பாகை கட்டிய புருஷன், கதிரைக்கு இரண்டு பக்கமும் இரண்டு சின்னப் பிள்ளைகள். பின்சீலையில் வரைந்த மாளிகை. இதே மாளிகைக்கு முன்னால் நின்ற குடும்பங்கள் எங்கள் பெட்டிகளில் நிறையவே இருந்தன.

தோட்டத்துக் கடைக்காரர் மூலம் அஞ்சலை அக்காவின் நம்பர் கிடைத்தது. பட்டன் போன், ஒரே இரைச்சல். முறைப்படி ஒன்றையும் சொல்லாமல், “அக்கா, ஒரு படம் ஒன்லைன்ல இருக்கு. யாரையாவது கூட்டிக்கிட்டுப் போயி பாருங்க. பாத்துட்டு ஒங்க படமா இல்லையான்னு சொல்லுங்க” என்று, படத்தின் எண்ணையும் கொடுத்தேன்.

சில நாள் கழித்து அவரே எனக்குப் போன் எடுத்தார்.

“போயி நல்லாப் பாத்தேன் தங்கச்சி. அங்க எங்க படம் ஒண்ணும் இல்ல.”

குரல் இறங்கிப் போயிருந்தது. எனக்கும் மனசு விட்டுப்போனது. அன்றைக்கே கோத்தகிரிக்குப் பதில் எழுதினேன்: ‘உங்கள் சித்தி படத்தைப் பார்த்தார். அது தங்கள் குடும்பம் இல்லை என்கிறார். வருந்துகிறோம்.’

வெளியே போகிற பதில் எதையும் முதலாளி வாசிக்காமல் அனுப்ப முடியாது. வாசித்தார். மேசைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“எந்த ஸ்கிரீன்ல பாத்தாங்க?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு கிழவிகள் அக்கா தங்கச்சியாக இல்லாமல் போகிற கவலையில் நான் இருக்கிறேன், இவருக்கு இப்போதும் ஸ்கிரீன். “தெரியல்ல மொதலாளி. ஏதோ ஒரு ஸ்கிரீன்!” என்றேன்.

அவர் நகரவில்லை. வேறு வழியில்லாமல் போனை எடுத்தேன்.

“அக்கா, நீங்க பாத்தது போன்லயா, கொம்பியூட்டர்லயா?”

“என்னா போனு? நான் நடந்துல்ல போனேன்.”

“எங்க போனீங்க?”

“நீங்கதானே தங்கச்சி சொன்னீங்க, ஒண்ணாம் லைன்ல இருக்குன்னு. நான் இருக்கிறது மூணாம் லைனு. மேட்டுல ஏறிப் போயி அத்தன ஊட்டுச் செவுத்தையும் பாத்துட்டேன். முருகன் படம் இருக்கு, கல்யாணப் படம் இருக்கு, யாரோ சினிமாக்காரன் படம் கூட இருக்கு. எங்க படம் இல்ல.”

தோட்டத்துப் பிள்ளையாகப் பிறந்தும் எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள். தோட்டத்து ஆட்களின் வீட்டு வரிசையான லயத்தை நாங்களே லைன் என்றுதான் சொல்வோம். ஒண்ணாம் லைன், ரெண்டாம் லைன் என்று ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு. இரைச்சலில் ‘ஒன்லைன்ல’ என்பது அவர் காதில் ‘ஒண்ணாம் லைன்ல’ என்று விழுந்திருக்கிறது. பாவம், வயதான காலில் மேடேறி, வீடு வீடாகக் கதவைத் தட்டியிருக்கிறார்.

நான் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் முதலாளிக்கும் கேட்டது. கோத்தகிரிக்கு எழுதிய பதிலைத் தன் கையாலேயே அழித்தார். “நாளைக்கு வேன் எடுக்கிறேன். பெரிய லெப்டொப்ப சார்ஜ் பண்ணி வைங்க” என்றார்.

படத்தைப் பென் டிரைவில் போட்டுக் கொண்டு போகலாமே என்றேன். கேட்கவில்லை. கோத்தகிரியில் அக்கா தளத்தில் பார்த்தார், தங்கையும் அதே தளத்தில்தான் பார்க்க வேண்டும், கூடக்குறைய இருக்கக்கூடாது என்றார்.

ஹப்புத்தளையில் பனி. அதைத் தாண்டி இறங்கும்போது நல்ல வெயில். தோட்டத்து ரோட்டில் வேன் குலுங்கியதில் லெப்டொப்பைக் கைப்பிள்ளை போல மடியில் வைத்துக்கொண்டேன். அஞ்சலை அக்கா மூணாம் லயத்து வாசலில் நின்றிருந்தார். ஒல்லியான உடம்பு, வெற்றிலை போட்ட வாய், நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டியிருந்தார். வீட்டுக்குள் லெப்டொப்பைத் திறந்தோம். சிக்னல் இல்லை. வாசலில் இல்லை. தேயிலைக்குள் இறங்கிப் பார்த்தோம், இல்லை.

“சிக்னலா?” என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். “அது ஒண்ணாம் லைன்ல, பீலிக்குப் பக்கத்துல நின்னாத்தான் வரும். நாங்க போன் பேசணும்னாலும் அங்கதான் ஓடுவோம்.”

அஞ்சலை அக்கா என்னைப் பார்த்தார். “நான் சரியாத்தானே போயிருக்கேன்?” என்றார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். முதலாளி கூடச் சிரித்தார்.

ஒண்ணாம் லயத்தில் பெண்கள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு லெப்டொப்பை வைத்தோம். கூட்டம் கூடிவிட்டது. “அன்னைக்கு எங்க செவுத்தயெல்லாம் பாத்துட்டுப் போச்சு. இன்னைக்கு கொம்பியூட்டரோட வந்துருக்கு” என்று ஒருத்தி கேலி பண்ணினாள். சிக்னல் வந்தது. வெயிலும் நேரே திரையில் விழுந்தது. முதலாளி லெப்டொப்பை மூடிவிட்டார்.

“இந்த வெளிச்சத்துல காட்ட மாட்டேன். முகம் தெரியாது.”

“மொதலாளி, இவ்வளவு தூரம் வந்துட்டு...”

“தெரியாமப் பாத்துட்டு இல்லன்னு சொல்லிட்டாங்கன்னா?”

வீட்டுக்குள்ளே இருட்டு, சிக்னல் இல்லை. வெளியே சிக்னல், இருட்டு இல்லை. எல்லாரும் அவரையும் மூடிய லெப்டொப்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்போது கேலி பண்ணினாளே, அதே பெண் வீட்டுக்குள் போய் ஒரு பழைய கம்பளியை எடுத்து வந்தாள். குளிரிலும் மழையிலும் கொழுந்து எடுக்கப் போகும்போது தலையோடு போர்த்திக்கொள்வோமே, அந்தக் கம்பளி. “இத மூடிக்கிட்டுப் பாத்தா என்னாங்க?” என்றாள்.

முதலாளி கம்பளியைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஒரு பொட்டு வெளிச்சம் கூட வரவில்லை. தலையை ஆட்டினார்.

கம்பளிக்குள் நானும் அஞ்சலை அக்காவும். புகை வாசம், தேயிலை வாசம், அவருடைய வெற்றிலை வாசம். படத்தின் எண்ணை அடித்தேன். சிக்னல் போய்ப் போய் வந்ததில் படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் மாளிகையின் கோபுரம். பிறகு தலைப்பாகை. பிறகு ஆணின் முகம். நான் வாயைத் திறக்கவில்லை. கதிரையில் இருந்த பெண்ணின் முகம் வந்தது. கறுத்த முகம், மூக்குத்தி தெளிவாகத் தெரிந்தது. அக்கா என் கையைப் பிடித்தார். இரண்டு பிள்ளைகளின் முகமும் வந்து, பாவாடை வரை இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது.

“இன்னும் கீழ வரட்டும் தங்கச்சி” என்றார் மெதுவாக. “சப்பாத்து வரட்டும்.”

முறையை மீறாமல் சும்மா இருந்தேன். அவராகவே சொன்னார்.

“நாங்க வெறுங்காலோடதான் போனோம். கடையில புள்ளைகளுக்குப் போட்டு விடுறதுக்குன்னு ஒரே ஒரு சோடி சப்பாத்து வச்சிருந்தாங்க. அக்கா எனக்குன்னு புடிச்சா, நான் எனக்குன்னு புடிச்சேன். அழுதேன். எங்கப்பா ஆளுக்கொண்ணாப் போட்டு விட்டாரு. ஒரு காலக் கதிரைக்குப் பின்னால மறைச்சிக்கங்கன்னாரு. அக்காவுக்கு சோத்துக்கை பக்கத்து கால்ல, எனக்கு பீச்சக்கை பக்கத்து கால்ல. படத்த வாங்கப் போறன்னைக்கு மழ பேஞ்சு ரோடு ஒடஞ்சு போச்சு. அப்பறம் அப்பா போகவே இல்ல. நாங்க அந்தப் படத்தப் பாத்ததே இல்ல தங்கச்சி.”

சிக்னல் வந்தது. படம் கீழே இறங்கியது. ஒரு பிள்ளைக்கு வலது காலில் சப்பாத்து, மற்றப் பிள்ளைக்கு இடது காலில் சப்பாத்து. மற்றக் கால்கள் இரண்டும் கதிரைக்குப் பின்னால். நான் அந்தப் படத்தை எத்தனையோ தடவை பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். போஸ் கொடுக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். கம்பளிக்குள் நான் அழுதேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை. அஞ்சலை அக்கா அழவில்லை, திரையில் இருந்த சப்பாத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

கம்பளியை விலக்கினோம். முதலாளி என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். சட்டென்று வேறு பக்கம் திரும்பி, பீலித் தண்ணீரில் முகம் கழுவத் தொடங்கினார்.

படத்தைத் தேடியது அவருடைய அக்காதான் என்று அஞ்சலை அக்காவிடம் அப்போதுதான் சொன்னேன். அங்கேயே நின்று கோத்தகிரிக்குப் போன் எடுத்தேன். மகன் பேசி, அம்மாவிடம் கொடுத்தார். அஞ்சலை அக்கா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“அக்கா, நான்தான் அஞ்சல.”

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கிழட்டுக் குரல் எங்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தியது.

“ஏன்டி, அந்தச் சப்பாத்து கடிச்ச கடியில எனக்குக் காலெல்லாம் பொத்துப் போச்சு, தெரியுமா?”

“எனக்கு லொடலொடன்னுல்ல இருந்துச்சு! நீ ரெண்டையும் போட்டுருந்தா ரெண்டு காலும் பொத்துப் போயிருக்கும்!”

ஒண்ணாம் லயமே சிரித்தது. அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் அழுதார்கள்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது வேனில் முதலாளி சொன்னார், “தேவையானவை பக்கத்துல கம்பளியச் சேருங்க.” நான் விளையாட்டு என்று நினைத்தேன். அடுத்த நாள் சேர்த்திருக்கிறேனா என்று வந்து பார்த்தார். ‘போனில் தவிர்க்கவும்’ என்பதை எடுத்துவிட்டு, ‘போனில் பார்த்தால் கம்பளிக்குள் வைத்துப் பார்க்கவும்’ என்று நான் எழுதியதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. ‘ஒன்லைன்’ என்ற சொல்லைத் தளம் முழுவதும் தேடி எடுத்ததும் நான்தான். தர்ஷினி, அதையும் கவனித்துக்கொள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் முதலாளி போன் எடுத்து, உடனே கடைக்கு வரச் சொன்னார். போனேன். அக்காவும் தங்கையும் படம் எடுக்க வந்திருந்தார்கள். கோத்தகிரி அக்கா மகனோடு விமானத்தில் வந்து இறங்கியவர். இரண்டு பேருக்கும் காலில் நல்ல செருப்பு இருந்தது. கதிரைக்கு இரண்டு பக்கமும் போய் நின்றதும், யாரும் சொல்லாமலே ஆளுக்கொரு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலைக் கதிரைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்கள். முதலாளி அப்படியே படம் எடுத்தார்.

பிரின்ட் எடுக்கக் கொஞ்ச நேரமாகும், கடைசி பஸ்ஸுக்கு முன்னால் தோட்டத்துக்குப் போங்கள், நாளைக்கு யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறேன் என்றார்.

அஞ்சலை அக்கா பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

“பஸ்ஸு போனாப் போகட்டுங்க. இந்தத் தடவ வாங்கிட்டுத்தான் போவேன்.”